நர்ஸ் அழுத்திய ஐந்து

பதினெட்டு வருட வேலையில் அவள் கையெழுத்துப் போட மறுத்தது ஒரே ஒரு தாளில்தான். "பயன்படுத்தியவரின் பிழை" என்று அதில் அச்சடித்திருந்தது.

மருத்துவமனையில் நோயாளியின் நரம்புக்குள் மருந்தை அளந்து செலுத்தும் பம்பு இருக்கிறதே, அதற்கு மென்பொருள் எழுதுபவள் அவள். வயது நாற்பத்து மூன்று. கோபம் வந்தால் ஆள் பார்க்க மாட்டாள். அலுவலகத்தில் 'சூட்டுக்கோல்' என்று பெயர். அவளுக்கும் தெரியும், மறுத்ததில்லை.

ஒரு நர்ஸ், மணிக்கு ஐந்து மில்லி என்று அழுத்தியிருக்கிறார். மோட்டார் முந்தைய நோயாளிக்கு வைத்த ஐம்பதிலேயே ஓடியிருக்கிறது. நோயாளி பிழைத்துக்கொண்டார். நர்ஸை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். திரையில் ஐந்துதான் தெரிந்தது என்று அவர் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பம்பு தானே பதிஞ்சு வைக்கிற லாக்ல ஐம்பதுன்னு இருக்கு. லாக் பொய் சொல்லுமாம்மா?" என்றார் மேனேஜர். "அந்தம்மா ஒரு சைபர் சேர்த்து அழுத்திட்டாங்க. கையெழுத்தைப் போடுங்க."

"லாக்ல இருக்கிறது மோட்டாருக்குப் போன நம்பர் சார். விரல் அழுத்தின நம்பர் இல்ல."

வீட்டிலும் நிம்மதி இல்லை. கூடவே குடியிருக்கும் தங்கையும் வேறொரு மருத்துவமனையில் நர்ஸ். ஷிப்ட் முடிந்து வந்து, காலணியைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். "ஏன்க்கா, நீங்க ஏசி ரூம்ல உக்காந்து தப்பு பண்ணுவீங்க, பழி மட்டும் எங்க தலையிலயா? உன் மிஷின் என்ன அரிச்சந்திரன் பேத்தியா?"



மறுநாள் மேசைமேல் பம்பை வைத்து, குழாயின் நுனியில் அளவுக் குவளையை வைத்தாள். ஐம்பதில் ஓட்டு, நிறுத்து, ஐந்துக்கு மாற்று, ஓட்டு. சோதனைப் பிரிவுக்காரி எதிரில் உட்கார்ந்து எண்ணினாள். இருநூறு தடவை. இருநூறும் சரி.

"அக்கா, இதுக்குக் குட்டிச்சுவர்ல முட்டிக்கலாம்."

"ஏய், இதுல நாம போட்டிருக்கிறது எந்த வெர்ஷன்?"

"நம்ம டெஸ்ட் வெர்ஷன்தான். கஸ்டமருக்குப் போறதுல மோட்டார் லாக் மட்டும் இருக்கும், சோதனைக்குன்னு நாம போட்ட மெசேஜெல்லாம் எடுத்துடுவோம். மத்தபடி ரெண்டும் ஒண்ணுதான்."

மத்தபடி ஒன்றுதான்! மருத்துவமனைக்குப் போகும் பதிப்பை ஏற்றினாள். பதினோராவது தடவை திரை ஐந்து என்றது. குவளையில் மருந்து ஐம்பதின் வேகத்தில் நிறைந்தது.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பம்பில் சமீபத்தில் மாற்றிய புதிய சிப்பில், கணக்குப் போடும் பிராசஸர் எழுதுவதெல்லாம் உடனே மெமரிக்குப் போவதில்லை. பக்கத்தில் கேஷ் என்ற சின்ன நினைவகத்தில் தங்கும். வேறு தகவலுக்கு இடம் வேண்டும்போதுதான் மெமரிக்குத் தள்ளப்படும். மோட்டாருக்குத் தகவல் கொண்டுபோகும் பகுதியோ பிராசஸரைக் கேட்பதே இல்லை. நேரே மெமரிக்குப் போய் இருப்பதை அள்ளிக்கொண்டு போகும். ஐந்து கேஷிலேயே உட்கார்ந்திருக்க, மெமரியில் கிடந்த பழைய ஐம்பது மோட்டாருக்குப் போய்விட்டது. சோதனையில் மட்டும் அந்தச் சோதனை மெசேஜ்கள் கூட்டமாக வந்து கேஷை நிரப்பி, ஐந்தை வெளியே நெட்டித் தள்ளின. ஆள் பார்க்கும்போது மட்டும் ஒழுங்காக வேலை செய்கிற ஆசாமி!

மோட்டாருக்கு எண்ணை அனுப்புவதற்கு முன் "கேஷில் இருப்பதை மெமரியில் எழுது" என்று ஒரு வரி போட்டிருக்க வேண்டும். பழைய சிப்பில் கேஷ் கிடையாது, அதனால் அந்த வரியும் கிடையாது. மருத்துவக் கருவிக் கண்காட்சியில் பம்பின் திரை வேகமாக ஓட வேண்டும் என்று கேஷைப் போடச் சொன்னவர் மேனேஜர். அந்த மாற்றத்தைச் சரிபார்த்து, சாப்பாட்டு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது "ஓகே" என்று எழுதியவள் அவளேதான். பல்லைக் கடித்தாள். தன்மேல் வந்த கோபம்தான் அடங்கவே இல்லை.

மேனேஜர் எல்லாம் கேட்டுவிட்டு, "ஒரு வரிதானே? அடுத்த வெர்ஷன்ல சத்தமில்லாம சேர்த்துடுங்க. ரிப்போர்ட் அப்படியே போகட்டும்" என்றார்.

"அந்தம்மா வேலை?"

"அது ஆஸ்பத்திரி விஷயம். நமக்கெதுக்கு?"

"நமக்கெதுக்கா? அவங்க சரியாத்தான் அழுத்தினாங்க சார்! தப்பு பண்ணது நீங்களும் நானும். எய்தவன் இங்க ஏசியில உக்காந்திருக்கான், அம்பைப் போட்டு மிதிக்கிறீங்க!"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா."

"மெதுவாப் பேசித்தான் இந்த லட்சணம்."

அந்தத் தாளைக் குறுக்கே கிழித்து அவர் மேசையிலேயே வைத்தாள். தன் இடத்துக்கு வந்து இரண்டு பக்க அறிக்கை எழுதினாள். தவறு செய்தவர்கள் வரிசையில் முதல் இடத்தில் தன்னைப் போட்டாள், இரண்டாவதாக மேனேஜரை. குவளை நிறைவதைப் படமெடுத்த வீடியோவையும் சேர்த்து, மருத்துவமனையின் விசாரணைக் குழுவுக்கு அனுப்பினாள். மேனேஜருக்கும் ஒரு நகல்.

நர்ஸின் விசாரணை வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. சாட்சி சொல்ல அவளை அழைத்திருக்கிறார்கள். கம்பெனி அனுமதி தரவில்லை. அவள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறாள்.