மேல்மலையனூர் பஸ்ஸில் ஒரு நடவுப் பாட்டு

இல்லை, யாருக்கும் சாமி வரவில்லை. ஆனால் கண்டக்டர் பயந்தது உண்மை.

இன்று அமாவாசை. செஞ்சியிலிருந்து மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. என் பக்கத்தில் இருந்த அக்கா சட்டென்று எழுந்தார்.

"நிறுத்துப்பா, நான் ஊட்டுக்குப் போறேன்."

முன் சீட்டில் இருந்த அவர் ஊர்க்காரம்மா என்னிடம் சொன்னார்: போன புயலில் இந்தச் செல்வியின் வீடு இடிந்து, தெருவே சேர்ந்து கட்டிக் கொடுத்ததாம். அன்றிலிருந்து தூறல் விழுந்தாலே பாதியில் திரும்பிவிடுகிறாராம். கோயில் வரை போய்ச் சேர்ந்ததே இல்லையாம்.

"உக்காரு தங்கச்சி," என்று கடைசி சீட்டுப் பம்பைக்காரர் மேளத்தை மடியில் ஏற்றினார்.

கண்டக்டர் பதறினார். "யோவ், அம்மனைக் கூப்புடுற அடி மட்டும் வேணாம். பஸ்ஸுல யாருக்கனா சாமி வந்துட்டா நான் இன்னா பண்றது?"

"அப்போ இன்னாதான் அடிக்கிறது?"

"நடவுப் பாட்டுக்கு அடிய்யா," என்றார் ஊர்க்காரம்மா. "செல்வி, நீ எடுத்துக் குடுடி."

செல்வி அக்கா கம்பியைப் பிடித்து நின்றபடியே பாடினார். ஈரத்தில் பம்பை தகர டப்பா போல ஒலித்தது.

"இதுக்கு எங்க ஊட்டு அண்டாவே மேலு," என்று அக்கா சிரித்துவிட்டார்.

பிறகு பஸ் முழுக்கப் பின்பாட்டு. குலவை போட்டவர்களில் கண்டக்டரும் உண்டு. கேட்டால் மறுப்பார், நம்பாதீர்கள்.

இரண்டாவது பாட்டில் அக்கா உட்கார்ந்தார். மழை விடவில்லை.

"பாப்பா, அந்த ஷட்டரைத் தூக்கு. எப்பிடிப் பெய்யுதுன்னு பாக்கலாம்," என்றார் என்னிடம்.

தூக்கினேன். இருவரும் நன்றாக நனைந்தோம்.