போண்டாவுக்கு மருந்து கொடுத்த கதை

எங்கள் வரிசைக் குவார்ட்டர்ஸில் சுத்தத்துக்குப் பேர்போன வீடு எங்களுடையதுதான். அந்தப் பேரை அம்மா சும்மா வாங்கவில்லை. குழாயில் தண்ணீர் பிடிப்பதற்கு முன்னால் குழாயையே கழுவுவாள். சங்கு ஊதியதும் ஃபாக்டரியிலிருந்து வரும் அப்பா கைகால் கழுவாமல் வாசற்படி தாண்ட முடியாது. கழுவிய பிறகும் அம்மா அவரை ஒரு முறை மேலும் கீழும் பார்ப்பாள்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு சீமை எலி நுழைந்ததற்குக் காரணம் சித்தப்பா. அவருக்கும் அப்பாவின் ஃபாக்டரியிலேயே வேலை. கல்யாணம் ஆகாததால் எங்களோடு இருந்தார். பட்டணத்தில் மருந்து ஆராய்ச்சி செய்யும் இடமொன்றில் மிருகங்களுக்குத் தீனி வைக்கும் சிநேகிதர் ஒருவர் அவருக்கு இருந்தார். அங்கே தேவைக்கு மேல் பிறந்துவிட்ட குட்டி ஒன்றைச் சித்தப்பா சாப்பாட்டுப் பைக்குள் வைத்து ரயிலில் ஆவடிக்குக் கொண்டுவந்துவிட்டார். வாலே கிடையாது. பழுப்பாக, உருண்டையாக இருந்ததால் நான் அதற்குப் போண்டா என்று பெயர் வைத்தேன்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். வீட்டில் அசிங்கம் என்று ஒன்று வந்தால், போண்டா வந்த இடத்துக்கே போய்விட வேண்டும். வந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்பதைச் சித்தப்பா எனக்கு ஏற்கெனவே விளக்கியிருந்தார். ஊசி போட்டுப் பார்ப்பார்களாம். செத்துப்போனால் மருந்து சரியில்லை என்று எழுதிக்கொள்வார்களாம். எனக்கு அப்போது எட்டு வயது. அன்றிலிருந்து போண்டாவின் உயிர் என் கையில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்பினேன்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையிலிருந்து புல் பிடுங்கி வருவேன். நான் கடித்த வெள்ளரிப்பிஞ்சின் மீதி போண்டாவுக்கு. போண்டா கடித்த மீதி, யாரும் பார்க்காவிட்டால், எனக்கு. இவ்வளவு உபசாரம் செய்தும் அது இளைத்துக்கொண்டே வந்தது. பளபளவென்றிருந்த முடி சிலிர்த்துக்கொண்டு நின்றது. ஒரு நாள் அதன் மரப்பெட்டியைச் சுத்தம் செய்யும்போது புழுக்கைகளுக்கு நடுவே நூல் போல வெள்ளையாக ஏதோ நெளிந்தது.

அந்த வெள்ளை நூலை நான் வேறொரு இடத்திலும் பார்த்திருந்தேன். ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளரிப்பிஞ்சு வழியாக அதை நான்தான் போண்டாவுக்குக் கொடுத்திருக்கிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

புழுக்கைகளை இரண்டு நாள் மறைத்து மறைத்துக் கொட்டினேன். மூன்றாம் நாள் அம்மா பார்த்துவிட்டாள். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். தன் வீட்டில் பூச்சியா, இந்தச் சங்கதி வெளியே தெரிந்தால் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா என்று ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா அதைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று முடித்தாள். அப்பா, பூச்சி என்பது சுத்தமில்லாதவர்களுக்குத்தான் வரும் என்றார். சித்தப்பாவும் தலையாட்டினார். போண்டாவுக்காகப் பேச ஒரு ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே சாப்பாட்டுப் பையைச் சித்தப்பா எடுத்தார். போண்டா பைக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டி என்னைப் பார்த்தது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அது மேல தப்பில்லம்மா. எனக்குத்தான் பூச்சி இருக்கு. என்கிட்டேருந்துதான் அதுக்குப் போச்சு."

முதுகில் விழப்போகும் அறைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். சித்தப்பா பையை மெதுவாகக் கீழே வைத்தார். எதற்கெடுத்தாலும் என்னைக் கிண்டல் செய்கிற மனிதர், அன்றைக்குக் குனிந்து போண்டாவை வெளியே எடுத்துவிட்டார். அம்மா மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை நாளாடி?" என்று கேட்டாள். அந்தக் குரலில் கோபமே இல்லை என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

மறுநாள் சித்தப்பா என்னையும் போண்டாவையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த கம்பவுண்டர் கரையான்சாவடிக்காரர். விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பயப்படாத பாப்பா. உன் வயித்துல கீற பூச்சி மனுசன் வயித்துலதான் குடியிருக்கும். எலி ஊட்டுக்கெல்லாம் போவாது. அதுக்கு கீறது வேற சாதி, பொறந்த எடத்துலயே வாங்கிகினு வந்துருக்கும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் கம்பவுண்டர் அத்தோடு நிறுத்தாமல் சித்தப்பா பக்கம் திரும்பி, "பாப்பாவுக்கு கீதுன்னா ஊட்ல இன்னும் யாருக்குனா இருக்கும். இன்னா அண்ணாத்தே, அல்லாருக்கும் சேத்து ஊத்தட்டா?" என்றார். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அந்த மாதிரி எதுவும் கிடையாது என்று சித்தப்பா அவசரமாகச் சொல்லிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த அம்மைத் தடுப்பூசி விளம்பரத்தை முழுவதும் வாசித்தார். கம்பவுண்டர் தலையாட்டிக்கொண்டே ஒரு பெரிய பாட்டில் நிறையத் தித்திப்பு மருந்து ஊற்றிக் கொடுத்தார். எனக்கு இரண்டு ஸ்பூன், போண்டாவுக்குச் சில சொட்டு, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தபா.

போண்டாவைத் துண்டில் சுற்றி அப்பா பிடித்துக்கொள்ள, சித்தப்பா இங்க் ஃபில்லரால் அதன் கடைவாயில் மருந்தைச் சொட்டினார். முதல் தடவை அது மொத்தத்தையும் அப்பாவின் பனியனில் துப்பியது. இரண்டாம் தடவை விழுங்கிவிட்டு, சித்தப்பாவின் விரலைக் கடித்தது. நான் கடிக்காமல் குடித்தேன்.

பிறகு அம்மா களத்தில் இறங்கினாள். பெட்டியிலிருந்த வைக்கோலைக் கொல்லையில் கொட்டிக் கொளுத்தினாள். பெட்டிக்குக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், அதற்கு மேல் ஃபினாயில், அதற்கும் மேல் மூன்று நாள் வெயில். போர்வை, தலையணை உறை, பாவாடை எல்லாம் அண்டாவில் வெந்தன. என் நகத்தை ஒட்ட வெட்டினாள். வெட்டி முடித்ததும் அப்பாவும் சித்தப்பாவும் தாங்களாகவே வந்து வரிசையில் உட்கார்ந்து கையை நீட்டினார்கள். எனக்குத் துணைக்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். அந்த வாரம் முழுவதும் வீட்டில் எல்லாரும் என்னிடம் அப்படி ஒரு பிரியமாக இருந்தார்கள்.

போண்டா தேறிவிட்டது. இரண்டாவது வாரத்திலேயே தட்டைத் தட்டினால் கீச்சிடத் தொடங்கியது. அடுத்த வேளை மருந்துக்கு நாள் வந்ததும் நான் ஸ்டூல் போட்டு ஏறி அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தேன். கனமே இல்லை. தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு சொட்டுகூட விழவில்லை.

அழுகையோடு கூடத்துக்கு ஓடிவந்து காட்டினேன். கார்க் சரியில்லை, ஆவியாகப் போயிருக்கும் என்றார் அப்பா. அலமாரி துடைக்கும்போது கை பட்டுக் கொட்டிவிட்டது என்றாள் அம்மா. தித்திப்பு மருந்தை எறும்பு சும்மா விடுமா என்றார் சித்தப்பா. மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா பேப்பரைத் தேடினார். நானே போய் வேறு பாட்டில் வாங்கி வருகிறேன் என்று சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டார்.

பெரியவர்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்பதால் நான் மூன்றையும் நம்பினேன். ஒரே ஒரு சந்தேகம்தான் எனக்குப் பாக்கி இருந்தது. எறும்புக்கும் வயிற்றில் பூச்சி இருக்குமா என்று கம்பவுண்டரிடம் கேட்டுவரும்படி சித்தப்பாவிடம் சொல்லியனுப்பினேன்.