எதிர்ச் சுவரிலிருந்து ஆரம்பிப்பவன்

தெருவை அளந்து, யார் வீடு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது என்று சிவப்புப் பெயின்டால் கோடு போடுவது நகராட்சியில் தம்பியின் வேலை. யாரிடமும் கை நீட்டாதவன். தையல் அறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அக்கா காஜா எடுத்தபடியே இந்தப் பெருமையைச் சொல்லிவிடுவாள். வளர்த்தவள் அவள்தானே!

வீட்டுக்கு வந்தால் தம்பி தத்துவம் பேசுவான்.

"சட்டம்னா டேப் மாதிரிக்கா. ஏழை, பணக்காரன்னு அதுக்குத் தெரியாது. அரசாங்கம் ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான்."

அக்கா பூரித்துப்போவாள். அவன் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக விழும்.

ஒருநாள் அந்த டேப் அவர்கள் தெருவுக்கே வந்தது. அளந்து முடித்துத் தம்பி கோடு போட்ட இடம், அக்காவின் வாசற்படி. தரையிலிருந்து முழங்காலுக்கு மேல் உயர்ந்திருக்கிற வீடு அது. தைக்கக் கொடுப்பவர்களில் பாதிப் பேர் மூட்டுவலிக்காரர்கள். படி போனால் அவள் பிழைப்பும் போச்சு.

"டேய், நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்கிற படிடா இது!"

"தெரு அகலம் குறையுதே. சட்டத்துக்கு அக்கா தங்கச்சி கிடையாதுக்கா."

"எங்கேயிருந்துடா அளந்தே?"

"எதிர்ச் சுவத்துலேருந்து. எப்பவும் அப்படித்தான்."

எதிர்ச் சுவர் கான்ட்ராக்டருடையது. போன வருடம்தான் பழைய சுவரை இடித்துவிட்டு, தெருவுக்குள் இரண்டடி தள்ளிக் கட்டினார். வேடிக்கை பார்த்தவர்களில் தம்பியும் ஒருவன்.

"அது நகர்ந்து வந்துச்சே, அதுக்குக் கோடு இல்லியா?"

தம்பி அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "எங்கேயிருந்து ஆரம்பிக்கிறோமோ அதை அளக்க முடியாதுக்கா. அது நிலையானது."

"அப்ப இந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பியேன்."

"அரசாங்கம் அப்படி ஆரம்பிச்சதே இல்லக்கா."

மறுநாள் படியை உடைத்தார்கள். அக்கா மூலையில் கிடந்த மரமுக்காலியைத் துடைத்து எடுத்தாள். ஆள் வந்தால் வெளியே இறக்கினாள். ஏறியதும் உள்ளே இழுத்துக்கொண்டாள். தூக்கி உள்ளே வைக்க முடிகிற எதுவும் ஆக்கிரமிப்பு ஆகாது என்று, கூடுதல் கரண்டி விழுந்த ஏதோ ஒருநாளில், தம்பியேதான் விளக்கியிருந்தான்.

சாயங்காலம் தம்பி வந்தான். காலை எட்டி வைத்தான். டர்ரென்று கால்சட்டை கிழிந்தது. உள்ளே அளவு கொடுத்துக்கொண்டிருந்த மூட்டுவலிக்கார அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, அந்த முக்காலியைக் கொஞ்சம் இறக்கேன்."

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்:

"எதிர்ல ஒரு சுவர் இருக்கே, நிலையானது. அதைப் புடிச்சுக்கிட்டு ஏறுடா கண்ணு."