தானாக இறங்கும் விலை

எனக்குப் பயம் முதலில் வயிற்றில்தான் வரும். அன்று காலை படப்பையில் வண்டியைக் கிளப்பும்போதே வந்துவிட்டது. பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தாள். பூண்டுத் தொக்கு பாட்டில்கள் அடுக்கிய அட்டைப்பெட்டி அவள் மடியில். ஒரகடம் தாண்டுவதற்குள் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தேன்.

"யோவ், நாம விலை பேசப் போறமா, இல்ல உன்ன ஆஸ்பத்திரில சேக்கப் போறமா?" என்றாள்.

"ரெண்டும் இதே ரோடுதான். எது முதல்ல வருதுன்னு பாப்போம்."

வழக்கமாக இதைவிட மட்டமான ஜோக்குக்கே சிரிக்கிறவள், அன்று சிரிக்கவில்லை.

காரணம் இருந்தது. அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லைனில் நின்று வேலை பார்த்தவள். நிற்பதுதான் அங்கே வேலை. கை செய்வதெல்லாம் அதற்கு மேல். நின்று நின்று இரண்டு காலிலும் நரம்பு பச்சையாகப் புடைத்துக்கொண்டது. இனிமேல் நிற்காதே என்றார் டாக்டர். வேலையை விட்டுவிட்டுத் தொக்கு கிண்ட ஆரம்பித்தாள். தேனியிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பையன்களுக்கு அது உயிர். ஷிப்ட் விடுகிற நேரத்தில் ஹாஸ்டல் கேட்டில் நான் நின்றால் பெட்டி காலியாகிவிடும். பிறகு ஹாஸ்டல் நிர்வாகம் மாறியது. கேட்டில் யாரும் எதுவும் விற்கக் கூடாது என்று போர்டு வைத்தார்கள். அந்த போர்டை மாட்டின வாட்ச்மேனே கடைசியாக ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு என்னை அனுப்பிவைத்தார்.

இனி கடைகள்தான். கடைக்காரர்களோ எங்களைப் போன்ற ஒற்றைச் சரக்குக்காரர்களிடம் நேராக வாங்குவதில்லை. வாலாஜாபாத் வரைக்கும் பெரும்பாலான கடைகளுக்கு ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிற ஒரு மொத்த வியாபாரிதான் சரக்கு போடுகிறார். தென்மாவட்டத்து அண்ணாச்சி. சாம்பிளும் ரேட்டும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அவர் எடுத்தால் அடுப்பு எரியும். எடுக்காவிட்டால் சமைக்கிற ஷெட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். அவளுடைய பழைய சூப்பர்வைசர் ஏற்கெனவே போன் செய்து, "எப்ப வர்ற?" என்று கேட்டிருந்தார். "இது நடக்கலன்னா திங்கக்கெழம போயி நின்னுக்கிறேன்" என்று என்னிடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். அந்த 'நின்னுக்கிறேன்' என் காதில் சாதாரணமாக விழவில்லை.

விலையை அவளே போட்டிருந்தாள். பாட்டிலுக்கு எங்களுக்கு ஆகிற செலவு ஐம்பத்திரண்டு ரூபாய். அண்ணாச்சிக்கு ஐம்பத்தெட்டு. பாதிப் பணம் சரக்கு இறக்கும்போதே, மீதி ஒரு வாரத்தில். மூடி உடைந்த பாட்டிலைத் தவிர எதையும் திரும்ப எடுப்பதில்லை.

"நான் பேசிக்கிறேன். நீ சும்மா குந்திக்கினு இரு. இன்னா, புரிஞ்சிதா?"

"புரிஞ்சுது."

புரியத்தான் செய்தது. ஆனால் என் வாய்க்கு வேறு பயிற்சி. ஒரகடத்தில் ஒரு சின்னப் பட்டறையில் வெகுகாலம் இருந்தேன். பெரிய கம்பெனிக்குத் தகட்டுச் சாமான் அடித்துக் கொடுக்கிற பட்டறை. பில் போடுவது என் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை முதலாளியோடு விலை பேசப் போவதும் என் வேலை. அந்த வழக்கம் வெளியாட்களுக்கு வேடிக்கையாக இருக்கும். தகடு விலை ஏறியிருக்கும், கரண்ட் ஏறியிருக்கும், கூலி ஏறியிருக்கும். எங்கள் விலை மட்டும் வருஷாவருஷம் இறங்க வேண்டும். ஏசி அறையில் உட்காரவைத்துத் தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டு எதிரே இருப்பவர் எதுவும் பேசமாட்டார். அவர் கேட்பதற்கு முன்னால் நாமே கொஞ்சம் குறைத்துவிட்டால் அப்புறம் கம்மியாகத்தான் கேட்பார் என்பது என் முதலாளியின் தந்திரம். சாமானில் குறை வந்தால் எங்கள் செலவில் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றும் நாங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவோம். அந்தப் பட்டறை இப்போது இல்லை. ஏன் இல்லாமல் போனது என்று எனக்குத் தெரியும். என் வாய்க்கு யாரும் சொல்லவில்லை.

அண்ணாச்சியின் குடோனில் பெருங்காயமும் மிளகாயும் கலந்து மூக்கை அடைத்தது. மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேஜை. அதற்குப் பின்னால் அவர், வெள்ளைச் சட்டையில், மிகவும் சாந்தமாக. கத்துகிற ஆளாக இருந்திருந்தால் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

"வாங்க தம்பி, வாம்மா தங்கச்சி. உக்காருங்க."

மனைவி பாட்டிலைத் திறந்து ஸ்பூனோடு நீட்டினாள். அவர் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். திறந்தார். "ரேட்டு?"

"ஐம்பத்தெட்டுங்க அண்ணாச்சி" என்றாள் அவள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கால்குலேட்டரை இழுத்து எதையோ தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார். மேலே மின்விசிறி சுற்றியது. அந்த மௌனம் எனக்கு நன்றாகத் தெரிந்த மௌனம். எத்தனையோ வருஷம் ஏசி அறையில் நான் உட்கார்ந்திருந்த அதே மௌனம். திங்கட்கிழமை அவள் லைனில் நிற்பது கண்முன் வந்தது.

"ஐம்பத்தாறு போட்டுக்கலாம்ங்க" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

மனைவியின் தலை மெதுவாக என் பக்கம் திரும்பியது. அண்ணாச்சி இன்னும் கால்குலேட்டரிலேயே இருந்தார்.

"ஐம்பத்திநாலு... ஃபர்ஸ்ட் ஆர்டருக்கு. விக்காத சரக்க நாங்களே திரும்ப எடுத்துக்கிறோம், எங்க வண்டியிலயே. பணம் நிதானமா ரெண்டு மாசத்துல குடுங்க போதும்."

மேஜைக்கு அடியில் என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. வலி மண்டைக்கு ஏறுவதற்குள் வாய் தன் வேலையை முடித்துவிட்டது.

"ஐம்பத்தொண்ணு. அதுக்குக் கீழ முடியாதுங்க."

கடைசியில் கொஞ்சம் கறாராக வேறு சொன்னேன். ஒரு பாட்டிலுக்கு ஒரு ரூபாய் கையிலிருந்து போட்டுக் கொடுப்பதில் அவ்வளவு கறார்.

அண்ணாச்சி நிமிர்ந்தார். "ஏன் தம்பி, நான் இன்னும் வாயே தொறக்கலையே? வேற ஒரு பில்லுல ஒரு அயிட்டம் சரியா வரலன்னு அதையில்லா பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். எண்ணெயை மோந்தார். தொக்கை ருசித்தபோது இருந்த முகம் இப்போது இல்லை.

"கேக்காமலே ஏழு ரூவா எறங்குதுன்னா சரக்குல ஏதோ கோளாறு இருக்கணும். என்ன எண்ணெய் இது? பழைய சரக்கா? உள்ளதச் சொல்லுங்க."

அதுதான் நிஜமான பயம். அதுவரை வந்ததெல்லாம் வெறும் வயிற்றுப்போக்கு. விலை குறைந்தால் சரக்கு போகும் என்று நம்பி, நல்ல சரக்கையே சந்தேகத்துக்குரியதாக்கிவிட்டேன். இனி அவர் எந்த விலைக்கும் எடுக்கமாட்டார் என்று தோன்றியது. அவள் காலைப் பார்க்கத் துணிச்சல் இல்லாமல் மிளகாய் மூட்டையைப் பார்த்தேன்.

மனைவிதான் பேசினாள். "நல்லெண்ணெய்ங்க அண்ணாச்சி, செக்குல ஆட்டுனது. நம்பலன்னா நம்ம ஷெட்டாண்ட வந்து கிண்டறத பாருங்க. சரக்குல ஒரு கோளாறும் இல்ல. கோளாறு இந்தாளுதான். பெரிய கம்பெனிக்குப் போயி விலைய எறக்கி எறக்கியே பழகிட்டாரு. எதிர்ல ஆளு கம்முனு இருந்தா இவருக்கு எறங்கிக்கினே போவும்."

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"தங்கச்சி ஒரு வெல சொல்லுது, நீங்க ஒரு வெல சொல்லுதீங்க. ஒரே வீட்டுல ரெண்டு வார்த்தைன்னா நாளைக்கு நான் எதக் கொண்டு ஏவாரம் பண்ண? கொறச்ச வாய்தான் ஏத்தவும் செய்யணும். நீங்களே சொல்லுங்க தம்பி. என்ன வெல?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்திருந்தாள்.

விலையைக் குறைத்துச் சொல்ல எவ்வளவு பேச்சு வந்தது! ஏற்றிச் சொல்ல வேண்டியதோ ஒரே ஒரு எண். அவ்வளவு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் சொன்ன விலையில் நின்றதில்லை.

"ஐம்பத்தெட்டு" என்றேன். "பாதி சரக்கு இறக்கறப்பவே. மீதி ஒரு வாரத்துல. உடைஞ்ச பாட்டில் மட்டும்தான் திரும்ப எடுப்போம்."

இந்தத் தடவை அவர் வேண்டுமென்றேதான் பேசாமல் இருந்தார். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்ததால் பயம் குறையவில்லை. ஐம்பத்தேழு என்ற எண் தொண்டை வரைக்கும் ஏறி வந்து நின்றது. ஐம்பத்தேழில் ஒன்றும் கெட்டுப்போகாது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடித்தேன். நிஜமாகவே கடித்தேன்; உப்புக் கரித்தது.

"எண்ணெய் வெல ஏறிச்சின்னா?" என்றார் திடீரென்று.

"ஏத்துவோம்" என்றேன், கடித்த நாக்கோடு. அது 'ஏத்துழோம்' என்பது போல ஏதோ வந்தது.

"மீதிப் பணத்துக்கு ரெண்டு வாரம் டயம் குடுங்க. மத்தது எல்லாம் சரி."

நான் வாயைத் திறக்கவில்லை. மனைவி கொஞ்சம் யோசித்து, "பத்து நாளுங்க அண்ணாச்சி" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, முடியாது என்றா, எனக்குப் பிடிபடவில்லை. பேனாவை எடுத்து ஆர்டர் தாளில் தொக்கு என்று எழுதினார், அதற்கு நேராக ரேட்டுக் கட்டத்தில் ஐந்து போட்டார். பேனா நின்றது. மையா, மனசா என்று தெரியாமல் நாங்கள் இருவரும் அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பேனாவைத் தரையில் உதறினார். பிறகு, அவசரமே இல்லாமல், பக்கத்தில் எட்டைச் சுழித்தார்.