கிதாருக்குள் போன கை

பேருந்துப் பணிமனையில் அவனுக்கு நெட்டை என்றுதான் பெயர். நிலைவாசல் இடிக்கும் உயரம். அவனுடைய கிதாரோ பயணத்துக்கென்று செய்த குட்டிக் கிதார். யானை மடியில் பூனைக்குட்டி என்று கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். நெடுந்தூர வண்டியில் தன் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் செருகி வைக்க அதுதான் தோது. ஓய்வறைக் கட்டிலில் முதுகை வளைத்து உட்கார்ந்து வாசிப்பான். பிரசவ வார்டு நர்ஸான அவன் மனைவி அந்தக் கிதாரைச் சக்களத்தி என்பாள். போனில் அவனை விசாரித்துவிட்டு அதையும் விசாரிப்பாள்.

முன்பு ஒரு விழாவில் அவனை வாசிக்கச் சொல்லி, கிதாருக்கு முன்னால் மைக்கை நிறுத்தினார்கள். அவன் கொஞ்சம் நகர்ந்தால் மைக் கீச்சென்றது. நகராமல் இருந்தால் முதல் வரிசையைத் தாண்டிக் கேட்கவில்லை. யாரோ "ஊமைப்படம்" என்றார்கள். எல்லோரோடும் சேர்ந்து அவனும் சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு எவர் கூப்பிட்டாலும் ஜலதோஷம் என்று சொல்லித் தட்டிக்கழித்தான்.

இப்போது அவனோடு பல வருஷம் ஓடிய கண்டக்டர் ஓய்வு பெறுகிறார். தன் பிரிவு விழாவில் வாசிக்கச் சொல்லி அவரே வாய்விட்டுக் கேட்டபோது மறுக்க முடியவில்லை. நெட்டை போய், மைக் இல்லாமலே கிதாரின் ஒலியை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோகும் பிக்கப் ஒன்று வாங்கி வந்தான். காசு அளவில் மூன்று வில்லைகள். கிதாரின் உள்பக்கம், கம்பிகள் கட்டியிருக்கும் கட்டைக்கு நேர் கீழே ஒட்ட வேண்டும். அவற்றின் ஒயர், ஸ்பீக்கர் ஒயரைச் செருகுவதற்காகக் கிதாரின் அடியில் பொருத்தும் ஜாக்கில் போய்ச் சேரும். ஜாக் நுழைய, வார் மாட்டும் குமிழின் துளையைப் பெரிதாக்க வேண்டும். அங்கேதான் அவனுக்குக் கை வரவில்லை. மலைப்பாதை வளைவுகளில் வண்டி ஓட்டும் ஆள், அந்தப் பொட்டலத்தை அலமாரியில் காக்கிச் சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தான்.

துணி அடுக்கும்போது அது மனைவி கையில் சிக்கியது. கதை முழுவதையும் கேட்டுவிட்டு, சாப்பாட்டு மேஜைமேல் போர்வையை விரித்தாள்.

அவன் கம்பிகளைக் கழற்றினான். மரம் சிலும்பாமல் இருக்கத் துளையைச் சுற்றி டேப் ஒட்டி, துளையை அகலமாக்கும் ரீமரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினான். ஒவ்வொரு திருகலுக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டான். உங்களுக்கா வலிக்கிறது என்று கேட்டாள் அவள்.

துளை சரியாக வந்தது. ஆனால் கிதாரின் வாய்க்குள் அவன் கை விரல்கணுவோடு நின்றுவிட்டது. அவள் வளையலைக் கழற்றினாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே விட்டாள். முழங்கை வரை போனது. கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, விரல்கள் தடவித் தடவி இடம் தேடின. அவன் மேலேயிருந்து தட்டிக் காட்டிய இடங்களில் மூன்று வில்லைகளையும் அழுத்தி ஒட்டினாள். பிறகு அவன் வெளியிலிருந்து துளை வழியாக ஒரு மெல்லிய குச்சியை விட்டான். அவள் ஜாக்கை அதன் நுனியில் செருகி, துளையை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"தலை தெரியுதா?"

நெட்டை குனிந்து பார்த்தான். "தெரியுது."

"இழுக்காதீங்க. அவசரமே இல்ல, தானா வரட்டும்."

எத்தனையோ பெண்கள் கேட்டிருக்கும் குரல் அது. அவன் அன்றுதான் கேட்டான். தன் பிள்ளைகள் பிறந்தபோதெல்லாம் அவன் ஏதோ ஒரு சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். நட்டை முடுக்கி முடித்த பிறகும் அவன் அதிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் பார்த்தாள், கேலி செய்யவில்லை.

விழாவுக்கு அவள் ட்யூட்டி முடித்து நேராக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நெட்டை ஸ்பீக்கரைக் காலடியில் வைத்துக்கொண்டான். முதலில், வண்டி கிளம்பக் கண்டக்டர் ஊதும் இரட்டை விசிலைக் கம்பியில் கொண்டுவந்தான். கூடம் கடைசி வரை சிரித்தது. கண்டக்டர் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்துப் பதில் ஊதினார். அடுத்த தடவை ஊத வரவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த பாட்டை ஆரம்பிக்கும்போதுதான் மனைவியைத் தேடினான். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப் போயிருந்தாள். நெட்டை குனிந்து ஸ்பீக்கரின் குமிழைத் திருப்பிச் சத்தத்தைக் குறைத்தான். பின்னால் இருந்து ஒருவர் கேட்கவில்லை என்று சைகை காட்டினார். அவன் கவனிக்காதவன் போல வாசித்துக்கொண்டே இருந்தான்.