மிஷின் யார் கழனி வழியாக வரும்

போன மாதம் பாகூர் பேருந்து நிறுத்தத்தில் ஏஜென்ட் அக்கா தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "இத்தக் கொஞ்சம் பாருங்க டீச்சர், எத்தினி வாட்டி தொட்டாலும் தொறக்க மாட்டேங்குது." கண்ணாடியின் ஒரு மூலை உடைந்து அதன்மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தது. முதல் வரிசையிலேயே அந்த மஞ்சள் கட்டம் இருந்தது, நடுவில் ஒரு நெற்கதிர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகள் தன் செயலிக்கு வைத்த படம் அது. கதிர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நேராக இருப்பதாகப் பார்த்து வைக்கலாமே என்று அப்போது சொன்னேன். "முத்தின கதிர் சாயும்மா," என்றாள். எங்கள் கல்லூரிக்கு மாணவர் சேர்க்கத் துண்டறிக்கை கொடுக்கப் போன இடத்தில், கையில் மீதிக் கட்டோடு நின்றுகொண்டிருந்த எனக்கு, அந்தக் கட்டத்தைத் தொட விரல் எழவில்லை.

பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஊர்களில் சிறியவர் பெரியவர் எல்லோருமே அவரை ஏஜென்ட் அக்கா என்றுதான் சொல்வார்கள். தை மாத அறுவடைக்குச் சேலம் பக்கத்திலிருந்து நெல் அறுக்கும் மிஷின்கள் லாரியில் ஏறி வரும். எந்த மிஷின் எந்த ஊருக்கு, எந்தக் கழனிக்கு, எந்த நாளில் என்று முடிவு செய்து அனுப்புவது அவர் வேலை. கணவர் பார்த்த வேலை அது. அவர் போன பிறகு இவர் எடுத்துக்கொண்டார். பொம்பளை சொல்லி மிஷின் இறங்குமா என்று கேட்டவர்கள் அடுத்த வருடமே அவர் வாசலில் வரிசையில் நின்றார்கள். எல்லாம் மனப்பாடம். அறுவடை நாட்களில் கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே சமைப்பார், குளிக்கப் போகும்போது மட்டும் எடுப்பார். "தை மாசத்துல என் கயுத்த நேரா பாத்தவங்க யாரும் இல்ல டீச்சர்," என்று சிரிப்பார்.

அந்தக் கழுத்தை நிமிர்த்தத்தான் என் மகள் கிளம்பினாள். சென்னையில் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாக ஒரு ஸ்டார்ட்அப் தொடங்குகிறேன் என்று வில்லியனூருக்கே திரும்பி வந்தவள். விவசாயிகள் கைப்பேசியிலேயே மிஷினுக்குப் பதிவு செய்ய ஒரு செயலி. அதை அவள் வரிவரியாக எழுதவில்லை. லோ-கோட் என்கிறார்கள். பெட்டி, பட்டியல், பொத்தான் எல்லாம் ஒரு தளத்தில் தயாராக இருக்கும், வேண்டியதை இழுத்து வைத்து ஒன்றோடு ஒன்றை இணைத்துக்கொள்ளலாம், அங்கங்கே இரண்டு வரி எழுதினால் போதும். தளத்தில் கணக்குத் தொடங்கும்போது என் மின்னஞ்சல் முகவரியைத்தான் கொடுத்திருந்தாள். பதினோரு நாளில் முடித்தாள்.

நான் பதினான்கு வருடம் புதுச்சேரியில் ஒரு சிறு நிறுவனத்தில் புரோகிராம் எழுதியவள். இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் அதையே கற்றுக்கொடுக்கிறேன். விட்டுப்போன ஒரு புள்ளியைத் தேடி இரண்டு நாள் கண்ணெரிய உட்கார்ந்த தலைமுறை. பதினோரு நாளில் முடிந்தது என்றதும் எனக்கு வந்தது மகிழ்ச்சி இல்லை. அதை இன்றைக்குத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் முறையாக ஏஜென்ட் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வில்லியனூர்ச் சந்தையில் வாங்கிய முருங்கைக்கீரைக் கட்டை நாற்காலிக்கடியில் வைத்துவிட்டு, மகள் காட்டிய திரையை உற்றுப் பார்த்தார். முதலில் பதிந்தவருக்கு முதலில் மிஷின் என்று அவள் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"மொத வந்தவனுக்கு மொதல்னா, இது இன்னா ரேஷன் கடையா பாப்பா?"

"ஏன்க்கா, அதான நியாயம்?"

"நியாயந்தான். ரோட்டோரக் கயனிய அறுக்காம மிஷின் உள்கயனிக்கு எப்பிடிப் போவும்? ரெக்க மொளச்சா?"

சாலையை ஒட்டிய கழனி அறுபட்டால்தான் அதன்மேல் ஏறி மிஷின் அடுத்த கழனிக்குப் போகும். உள்ளே இருப்பவர் முன்னால் இருப்பவருக்காகக் காத்திருக்க வேண்டும். முன்னால் இருப்பவர் உள்ளே இருப்பவருக்காக ஒருநாள் முன்னதாக அறுக்கச் சம்மதிப்பதும் உண்டு. இங்கே அறுவடை அப்படித்தான் நடக்கிறது. என் மகள் வாதாடவில்லை. அக்கா டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே எதையோ இழுத்தாள், எதையோ இணைத்தாள். டம்ளரைக் கீழே வைக்கும்போது திரையில் புதிதாக ஒரு கேள்வி இருந்தது: மிஷின் யார் கழனி வழியா வரணும்?

அக்கா அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். "அட, என்னயப் போல கேக்குதே இது," என்றார். போகும்போது கீரைக் கட்டை எங்களுக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த சில மாதங்களில் அந்தச் செயலி எத்தனை முறை மாறியது என்று எனக்கே கணக்கில்லை. ஒருவர் தண்ணீர் வடிந்ததா என்று கேட்க வேண்டும் என்றார், மறுநாள் அது இருந்தது. இன்னொருவர் எழுத்து பெரிதாக வேண்டும் என்றார், அன்றே பெரிதானது. நான் மட்டும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முகம் சுளித்தேன். அடித்தளம் இல்லாமல் ஒட்டுப் போடுகிறாள் என்று தோன்றியது. கல்லூரியில் சக ஆசிரியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணு பொம்ம வூடு கட்டி வெளயாடுதா மேடம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு, நானே முறையாக ஒன்று எழுதித் தருகிறேன் என்று வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அடுத்தவன் தளத்தில் கட்டியதை நாளைக்கு அவன் மூடிவிட்டால் என்ன செய்வாய் என்று பயமுறுத்தினேன். அந்தக் கேள்வியில் உண்மை இருந்தது. கேட்ட மனத்தில்தான் இல்லை.

"எழுதும்மா. ஆனா இந்தப் போகம் முடியிற வரைக்கும் ரெண்டும் இருக்கட்டும்," என்றாள்.

நான்கு மாதம் எழுதினேன். சுத்தமான வேலை, எந்த மேலதிகாரியிடமும் தலைநிமிர்ந்து காட்டலாம். வழி கேட்கும் அந்தக் கேள்வி மட்டும் என் அட்டவணை அமைப்புக்குள் அடங்கவில்லை. அதைச் சேர்ப்பதென்றால் அடியிலிருந்தே மாற்ற வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மார்கழியில் இரண்டும் ஓடின. பதிந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் மஞ்சள் கட்டத்திலேயே பதிந்தார்கள். என்னுடையதில் ஏழு பேர்.

மகள் ஏதோ வேலையாகப் புதுச்சேரி போயிருந்த ஒரு மத்தியானம், என் மின்னஞ்சலை வைத்து அந்தத் தளத்துக்குள் நுழைந்தேன். பெயர்களையும் ஊர்களையும் தேதிகளையும் என்னுடையதற்கு மாற்றினேன். என்னுடையதில் இடமில்லாததால் வழி கேட்ட கேள்விக்கான பதில்களை விட்டுவிட்டேன். பிறகு மஞ்சள் கட்டத்தை அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று திரை ஒருமுறை கேட்டது. மகளிடம் ராத்திரி சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்றும் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை. பதிவு முடிந்துவிட்டதால் அவளும் அந்த நாட்களில் அதைத் திறக்கவில்லை. பழையது இரண்டு நாளாகத் திறக்கவில்லை என்று அக்கா கேட்டபோது புதியதைப் பயன்படுத்தச் சொன்னேன். டீச்சர் எழுதியது என்று அவரும் மரியாதையாக எடுத்துக்கொண்டார்.

அந்த வருடம் செயலியை நம்பி அக்கா மூன்று ஊர்களைப் புதிதாக ஒப்புக்கொண்டிருந்தார். அந்த ஊர்களில் எந்தக் கழனி எதற்குப் பின்னால் என்று அவருக்கு மனப்பாடம் கிடையாது. அவர் ஒரு மிஷினோடு வேறு ஊரில் நின்ற காலையில், இன்னொரு மிஷின் என் வரிசைப்படி ஓர் உள்கழனிக்குப் போய்ச் சேர்ந்தது. முன்கழனிக்காரர் பெயர் வரிசையில் ஐந்து நாள் பின்னால் இருந்தது. அவருடைய நெல் பச்சையாக நின்றது. "என் நெல்லு மேல ஏத்திக்கினு போவியா?" என்று அவர் வரப்பில் குறுக்கே நின்றார். மிஷின் ஓட்டுநர் வெளியூர்க்காரர், அரை நாள் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குத் திருப்பிவிட்டார். அங்கேயும் இதே கதை.

அக்கா கூப்பிட்டபோது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகள் விஷயத்தைக் கேட்டதும் பதறவில்லை. "ஒண்ணும் இல்லக்கா, பழசுல வழி எல்லாம் இருக்குது. பத்து நிமிஷத்துல வரிசைய மாத்தி அனுப்புறேன்," என்று சொல்லிவிட்டு, எச்சில் கையோடு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, பழசத் தொறந்து குடு."

"அழிச்சிட்டேன்," என்றேன்.

அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. அந்தப் பக்கம் அக்கா ஹலோ ஹலோ என்று கேட்டுக்கொண்டிருந்தார். மகள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று அடையாளம் காண முயல்பவளைப் போலப் பார்த்தாள். பிறகு கைப்பேசியை வாயருகே கொண்டுபோய், "அக்கா, என் தப்பு. நான்தான் கை தவறி அழிச்சிட்டேன்," என்றாள். தட்டில் சோறு இருந்தது. அதைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பருவம் தவறிய மழை. உள்கழனி நெல் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து முளைவிட்டது. "எல்லாரும் போனக் கேட்டாங்க, நெல்லக் கேக்க ஆளில்ல," என்று அந்தக் கழனிக்காரர் சொன்னதாக அக்காவே பின்னால் சொன்னார். புதிதாக ஒப்புக்கொண்ட மூன்று ஊர்களும் வேறு தரகரிடம் போயின. கடைத்தெருவில் சிலர் அவரைப் போன் ஏஜென்ட் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மகள் ஒரு மாதம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுச் சென்னைக்குப் போனாள். வேறு யாரோ தொடங்கிய நிறுவனத்தில் இருக்கிறாள். வாரம் ஒருமுறை பேசுகிறோம். சாப்பிட்டியா, மழை பெய்யுதா. அந்த மத்தியானத்தைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் கேட்டுவிடுவாளோ என்று ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டே பேசுகிறேன். கேட்காமலே இருந்துவிடுவாளோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது.

மாணவர்களுக்கு இப்போது முன்னைவிட மெதுவாகப் பாடம் நடத்துகிறேன். முதலில் செய்வதை யாரிடமாவது கொடுத்து, அவர்கள் வைவதைக் கேட்டுவிட்டு, அன்றைக்கே மாற்றுங்கள் என்கிறேன். அதற்கு எந்தக் கருவி கைக்கு வருகிறதோ அதை எடுங்கள் என்கிறேன். என் மகள் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டம்ளர் டீ முடிவதற்குள் செய்தது அது. அவள் பெயரைச் சொல்லி நான் நடத்துவதில்லை.

பேருந்து நிறுத்தத்தில் கடைசியில் தொட்டேன். மஞ்சள் கட்டம் ஒரு கணம் பெரிதாகி, வெள்ளைப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது.

"இன்னா போட்டிருக்குது டீச்சர்?"

"இந்தச் செயலி நீக்கப்பட்டதுன்னு போட்டிருக்குது."

"அது தெரிஞ்சதுதான். எடுத்துப்போட மனசு வர்ல, திரும்ப வருமான்னு அப்பப்போ தொட்டுப் பாக்குறது." கைப்பேசியை வாங்கி முந்தானையில் துடைத்தார். "பாப்பா இன்னும் எனக்குப் போன் பண்றதில்ல டீச்சர். கை தவறினதுக்கா இத்தினி நாளு வெக்கப்படும்?"

என் பேருந்து வந்து நின்றது. நடத்துநர் ஏறச் சொல்லிக் கூவினார்.

"யாரு அழிச்சதுன்னு அதுல போட்டிருக்குமா?" என்று அக்கா கேட்டார். கேட்டுவிட்டு அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"போட்டிருக்காதுக்கா," என்றேன். பேருந்து கிளம்பிப் போனது. துண்டறிக்கைக் கட்டை பெஞ்சில் வைத்தேன். "உக்காருங்க. நான் சொல்றேன்."