கைப்பிடியில் பல் தடம்

டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டுகிறவனிடம் ஜெயித்த முகத்தோடு யாரும் வருவதில்லை. செல்போன் திரை மாற்றுகிறவர்கள், உடைந்த தாழ்ப்பாளைச் சரிசெய்கிறவர்கள், பல் டாக்டர்கள் என்று அடுத்தவர் கோபத்தின் மிச்சத்தை மேஜையில் வாங்கி வைக்கும் எல்லோருக்கும் இது புரியும். புதுக்கோட்டையில் என் கடை சின்னது. ஊரில் டென்னிஸ் ஆடுகிறவர்களும் கொஞ்சம் பேர்தான். அதனால் ஒவ்வொருவர் கோபமும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும்.

விழுந்ததும் அடித்ததும்

மட்டை கை தவறி விழுந்தால் தலைப்பகுதியில் பெயிண்ட் உரியும். தரையில் ஓங்கி அடித்தால் கழுத்தில் விரிசல் விடும். அடித்தேன் என்று யாரும் சொல்வதில்லை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்துவிட்டது என்பார்கள். நானும் தலையாட்டிக்கொள்வேன்.

ரத்தினம் சார் அப்படிக் கதை சொன்னதில்லை. கீரனூர்க்காரர். திருச்சியில் வேலை, தினமும் பஸ். இளவயதில் மாநில அளவில் ஆடியவர். மாவட்டத்தில் பல வருஷமாக அவர்தான் சாம்பியன். கழுத்து முறிந்த மட்டையை, அடிபட்ட கோழியைத் தூக்கி வருவதுபோல, இரண்டு கையிலும் ஏந்தி வருவார். முகத்தில் கோபம் இருக்காது, ஒரு குழப்பம்தான் இருக்கும். எப்படி ஆச்சு என்று முதல் தடவை கேட்டபோது, தன் வலது கையைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் அடிக்கலண்ணே. கை அடிச்சிருச்சு."

முதல் கேம் மட்டும்

அவருக்கு ஒரே மகள், ஹரிணி. கல்லூரியில் படிக்கிறாள். அப்பாவும் மகளும் ஜோடி சேர்ந்து இரட்டையர் ஆடுவார்கள். ஒரு ஆட்டத்தில் அவள் விட்ட பந்துக்காக அவர் மட்டையைத் தரையில் அடிக்க, உடைந்த துண்டு பறந்து அவள் காதை உரசிக்கொண்டு போனது. ஹரிணி தன் மட்டையை உறைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிவிட்டு வெளியே நடந்தாள். அதன்பிறகு கோர்ட் பக்கம் வரவில்லை. வீட்டிலும் அவரிடம் பேசவில்லை. ஒரு போட்டி முழுக்க மட்டை உடையாமல் ஆடிக் காட்டட்டும், மறுபடி வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினாள்.

சாம்பியன்களுக்குப் பெரிதாக ஆசைப்பட்டுத்தான் பழக்கம். ரத்தினம் சார் சின்னதாக ஆசைப்படக் கற்றுக்கொண்டார். முதல் கேம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அது கைகூடினால் முதல் செட். அப்புறம் முழு ஆட்டம். நான் நரம்பு கட்டி முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் பாடம்போல ஒப்பிப்பார். இதிலேயே கவனம் போனால் கப்பு போய்விடாதா சார் என்றேன். "கப்பு கெடக்குதுண்ணே. பேட்டு முழுசா வீட்டுக்கு வந்தாப் போதும், எம் மக என்னையத் திரும்பிப் பாப்பா."

டேப்புக்கு அடியில்

மட்டைகள் முழுசாக வர ஆரம்பித்தன. கழுத்தில் விரிசல் இல்லை, தலையில் கீறல் இல்லை. கைப்பிடிக்கு அவரே புதிதாக டேப் சுற்றியிருந்தார். சுற்று கோணலாக இருந்ததால் பிரித்துச் சுற்றலாம் என்று உரித்தேன். அடியில் பழைய டேப். அதில் பல் தடம். ஏதோ நாய் கடித்திருக்கிறது என்று முதலில் நினைத்தேன். ஆனால் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் நம்முடையதுபோலவே பதிந்திருந்தன.

அடுத்த முறையும் இருந்தது. இன்னும் ஆழமாக, டேப்பைத் தாண்டி உள்ளே இருந்த ஃபோம் வரைக்கும். மட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். ரத்தினம் சார் கூச்சப்படவில்லை. "சத்தம் வெளிய வரலல்ல? அதப் பாருங்கண்ணே."

சிரிப்பு

பிறகு பல் தடமும் நின்றுபோனது. எனக்கு ஏனோ அது நிம்மதியாக இல்லை. அப்போது ஊரில் நடந்த ஒரு போட்டியின் அரையிறுதிக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.

எதிரே ஆடியவர் எங்கள் ஊர்க் கண் டாக்டர். செம்மண் கோர்ட். ரத்தினம் சார் அடித்த பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்து தடம் பதித்தது. நடுவர் வெளியே என்றார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். அவர் அந்தத் தடத்தின் அருகே போனார். குனிந்து பார்த்தார். ஷூவால் மெதுவாகத் தேய்த்து அதை அழித்தார். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடியும்வரை அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. பாயிண்ட் எடுத்தபோது கூடவில்லை, விட்டபோது குறையவில்லை. டாக்டர் சுலபமான பந்துகளை வலையில் அடித்துத் தோற்றார். துண்டால் முகத்தைத் துடைத்தபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவரு கத்துனா நான் பாட்டுக்கு ஆடிருவேங்க. இந்தச் சிரிப்பு என்னையப் பாத்து இல்ல. எனக்குப் பின்னாடி அங்கிட்டு யாரோ நிக்கிறாங்க, அவங்களப் பாத்து."

ஹரிணியின் மட்டை

போட்டி முழுக்க மட்டை உடையவில்லை. இறுதியாட்டத்தில் ரத்தினம் சார் சிரித்தபடியே தோற்றார். ஹரிணி சொன்ன சொல் தவறாமல் கோர்ட்டுக்கு வந்தாள். மறுபடி ஜோடி சேர்ந்து ஆடத் தொடங்கினார்கள். பார்த்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். நானும்தான்.

ஒரு மத்தியானம், கடைச் சுவரில் மாட்டியிருந்த ரத்தினம் சாரின் மட்டையில் நரம்பு தானாக அறுந்தது. இழுத்துக் கட்டிய நரம்பு வெயிலில் அப்படி அறும். தொழிலில் இது சாதாரணம். சத்தம் கேட்டு நிமிர்ந்தால் எதிரே ஹரிணி நின்றாள். உறையைத் திறந்து தன் மட்டையை மேஜையில் வைத்தாள். கழுத்தில் விரிசல்.

உடைந்த மட்டைகளை நான் தூக்கிப் போடுவதில்லை, உதிரிக்கு ஆகும். பரணிலிருந்து அவள் அப்பாவின் பழைய மட்டை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒரே இடம், ஒரே சாய்வு.

"தோத்துட்டீங்களாம்மா?"

"ஜெயிச்சோம் அங்கிள். நடுவுல நான் ஒரு ஈசியான பந்த விட்டேன். அப்பா ஒண்ணுமே சொல்லல. சிரிச்சாரு." வலது கையைப் புரட்டிப் பார்த்தாள். "நான் அடிக்கல அங்கிள். கை அடிச்சிருச்சு."

வெளியே தெருவில் ரத்தினம் சார் பைக்கில் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருந்தார். கண்ணாடிக் கதவு வழியாக எங்கள் பக்கம் பார்த்தார். அதே சிரிப்பு. என்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

ஹரிணி பையிலிருந்து இன்னொரு மட்டையை எடுத்து நீட்டினாள். "அடுத்த மேட்ச்ல மொத கேம் மட்டும் வாயத் தொறக்காம ஆடிப் பாக்கப்போறேன். இதுக்கு டேப்பக் கொஞ்சம் தடிமனாச் சுத்திக் குடுங்க அங்கிள்."

நரம்பில் எவ்வளவு இழுவை ஏறியிருக்கிறது என்பதை என் மெஷினின் முள் காட்டிவிடும். ஆடுகிறவர்களுக்கு அப்படி ஒரு முள் இல்லாததால், நான் இப்போதெல்லாம் டேப்பை மொத்தமாக வாங்கி வைத்துவிடுகிறேன்.